தாளிக்காத ரசத்துக்கு வந்த பேரு

சித்தேரி மலை ரோட்டுல மூணாவது வளைவு தாண்டுனதும், வீடியோ எடுக்க வந்த புருசனும் பொண்டாட்டியும் வண்டிய ஓரங்கட்டச் சொன்னாங்க. கட்டுனேன். அந்தப் பொண்ணு கதவத் தொறந்து எறங்கி, குனிஞ்சு, காலைல தின்னதையெல்லாம் மலைக்கே குடுத்துருச்சு. வூட்டுக்காரரு ஒரு கையில அதோட முதுகத் தடவிக்கிட்டு, இன்னொரு கையில கேமராவப் பள்ளத்துப் பக்கம் திருப்பி, "சொர்க்கம் மாதிரி இருக்கு ஃபிரெண்ட்ஸ்"னாரு. மெதுவாத்தான் சொன்னாரு, பின்னாடி வர்ற சத்தம் பதிவாயிருமேன்னு.

ஒரு ஊரு நல்லாருக்கா இல்லியான்னு வீடியோ போடறவங்க எப்பிடி முடிவு பண்றாங்கன்னு அன்னிக்குப் பக்கத்துல நின்னு பாத்தேன். ஒரே எடம்தான். அவருக்குச் சொர்க்கம். அந்தப் பொண்ணுக்கு அது என்னவா இருந்துச்சுன்னு மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சுது.

வேற நாளா இருந்தா நான் வுழுந்து வுழுந்து சிரிச்சிருப்பேன். என் வண்டியில ஏறுனவங்கள கேலி பண்ணி ஓட்டாம எறக்கி வுட்டதே கெடையாது. அன்னிக்குச் சிரிப்பு வரல. அவங்க ரெண்டு பேரும் எங்கூரப் பத்தி என்ன சொல்லப் போறாங்கங்கறத வெச்சுத்தான் எங்க மாமா ஊர்ல இருக்கப் போறாரா, இல்ல மறுபடி பெங்களூருக்கு பஸ் ஏறப் போறாராங்கறதே இருந்துச்சு.

மாமான்னா எங்கக்கா வூட்டுக்காரரு. பெங்களூர்ல பில்டிங்குக்குக் கம்பி கட்டற வேலை. மாசத்துல ஒரு தடவ வருவாரு, சில மாசம் அதும் இல்ல. அக்கா பொண்ணுக்கு அப்ப ரெண்டு வயசு. அப்பா எங்கன்னு கேட்டா ஃபோனக் காட்டும். அவரு நேர்ல வந்து நின்னா, யாரோ வந்திருக்காங்கன்னு அக்கா பொடவைக்குள்ள பூந்துக்கும். நான் அதுக்கும் மாமாவ ஓட்டுனேன். "சார்ஜர் குத்திக்கிட்டு வாங்க மாமா, அப்பத்தான் அடையாளம் தெரியும்"னேன். அவரு சிரிச்சாரு. அக்கா சிரிக்கல. அதுக்கப்பறம் அத நான் சொல்றதில்ல.

எங்கூரு பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கெழக்க, மலையடிவாரம். வூட்டுக்குப் பின்னாடி குச்சிக்கெழங்குக் காடு, அதத் தாண்டுனா மலை. போன வருசம் மாடியில ரெண்டு ரூம்பு எடுத்து, கட்டில் போட்டு, வெஸ்டர்ன் டாய்லெட்டும் வெச்சு, டவுன்லேர்ந்து வர்றவங்க தங்கிச் சாப்பிடட்டும்னு அக்காதான் ஆரம்பிச்சுது. யோசன என்னோடது, ஒழப்பு அதோடது. மொத ஆறு மாசத்துல வந்து தங்குனது ஒரு சர்வேயரு, அப்பறம் பஸ்ஸ வுட்டுட்டு வந்த ஒரு கல்யாணக் கூட்டம். அவ்வளவுதான்.

மாரியம்மன் பண்டிகைக்கு மாமா வந்தாரு. வந்தவரு அக்காகிட்ட ஒண்ணு சொன்னாரு. சத்தம் போட்டெல்லாம் இல்ல, கை கழுவிக்கிட்டே சொன்னாரு. "பண்டிக முடியறதுக்குள்ள ரூமு ஓடும்னு தெரிஞ்சா நான் இங்கியே இருந்துக்கறேன். தெரியலன்னா மேஸ்திரி கூப்புட்டுக்கிட்டே இருக்காரு." அந்த மேஸ்திரி கன்னடக்காரரு. தெனமும் ஃபோன் போட்டு "யாவாக பர்த்தியா"ம்பாரு, எப்ப வர்றேன்னு. என் செல்லு அடிச்சாக்கூட எனக்கு அந்தாளு கொரலுதான் கேக்கற மாதிரி இருந்துச்சு.

அதனாலதான் நான் வீடியோக்காரங்களப் புடிச்சேன். ஊர் ஊராச் சுத்தி வீடியோ போடற ஒவ்வொருத்தருக்கும் கீழ எழுதுனேன். "எங்கூருக்கும் வாங்க"ன்னு மரியாதையா எழுதுனா ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல. "கொடைக்கானலையே எத்தன தடவதாங்க காட்டுவீங்க, எங்க பாப்பாவுக்கே வழி தெரிஞ்சு போச்சு"ன்னு எழுதுனேன். அதுக்குப் பதில் வந்துருச்சு. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு, வர்றோம்னாங்க, தேதியும் அவங்களே சொன்னாங்க.

அக்கா தேதியக் கேட்டதும் நின்னுருச்சு. "அந்த வாரம் காப்பு கட்டியிருக்குமேடா."

"நல்லதுதானே. பண்டிகையும் பாத்துட்டுப் போவாங்க."

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிப் பாத்துது. அது நெனச்சது வேற. கோயில்ல காப்பு கட்டிட்டா பண்டிக முடியற வரைக்கும் எங்கூர்ல ஒரு வூட்லயும் தாளிக்க மாட்டாங்க. வடச்சட்டி அடுப்புல ஏறாது. கடுகு வெடிக்கற சத்தமே ஊருக்குள்ள கேக்கக் கூடாது. அப்பளங்கூடப் பொரிக்கறதில்ல. ஊர்க்காரங்க ராத்திரி வெளியூர்ல தங்கறதும் இல்ல. அதனாலதான் மாமாவே வூட்டோட இருந்தாரு. பொறந்ததுலேர்ந்து அப்பிடியே தின்னு பழகுனதால எனக்கு அது ஒரு விசயமாவே தோணல. தின்னுட்டு எந்திரிக்கறவனுக்கு அடுப்பப் பத்தி என்ன தெரியும்.

வர்றவங்ககிட்ட இத முன்கூட்டியே நான் சொல்லியிருப்பேன்னு அக்கா நெனச்சிருக்குது. மாமா சொல்லியிருப்பாருன்னு நான் நெனச்சிருந்தேன். மாமாவக் கேட்டா, "காப்பு கட்டுனாத் தாளிக்க மாட்டாங்கன்னு ஒலகத்துக்கே தெரியுமே, தனியா வேற சொல்லணுமா"ங்கறாரு. அவரு ஒலகம் இந்தப் பக்கம் அரூரு, அந்தப் பக்கம் பொம்மிடி. பெங்களூர்ல இத்தன வருசம் இருந்தும் அது ஒரு அடி கூட நகரல.

அவங்க வந்த அன்னிக்குக் காலைல நேரா மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். மத்தியானம் அக்கா வூட்ல சாப்பாடு, ராத்திரி தங்கல், காலைல கெளம்பறதுன்னு ஏற்பாடு. வண்டியில ஏறும்போதே அவரு கேட்டாரு, "தம்பி, இந்த ஊருக்கு என்ன டைட்டில் வெக்கலாம்?" இன்னும் ஊர் எல்லைக்கே வரல. பேர் வெச்சுட்டுத்தான் புள்ளையே பெத்துக்குவாரு போல. "பாத்துட்டு வெப்போங்க"ன்னேன். "இல்ல தம்பி, டைட்டில் இருந்தாத்தான் என்ன எடுக்கணும்னு தெரியும்"னாரு. அப்ப எனக்குப் பயம் பிடிச்சுது. அவரு எடுக்க வந்தது மனசுல ஏற்கெனவே இருக்கு. அதோட எங்கூரு ஒத்துப் போகணும்.

வழியெல்லாம் "இங்க என்ன ஸ்பெஷல், இங்க என்ன ஸ்பெஷல்"னு கேட்டுக்கிட்டே வந்தாரு. ஒண்ணும் இல்லன்னா மொகம் வாடுது. ஒரு புளியமரத்தடியில நிறுத்தி, "இதுக்கடியில நின்னு மனசுல நெனச்சா கல்யாணம் கூடி வருங்க"ன்னேன். ஒடனே கேமராவத் தூக்குனாரு. நான் தெனமும் வண்டி நிறுத்தறதே அந்த மரத்தடியிலதான், எனக்கே இன்னும் கூடி வரலங்கறத மட்டும் சொல்லல.

அப்பறந்தான் அந்த மூணாவது வளைவு. மேல போயும் அந்தப் பொண்ணு வண்டிய வுட்டு எறங்கல. மேகம் ரோட்டுல எறங்கி நின்னுச்சு, மலைக்காரங்க கம்பங்கதிரு காய வெச்சிருந்தாங்க, அவரு ட்ரோன வுட்டாரு. அது மட்டும் கண்ண மூடி சீட்டுல சாஞ்சிருந்துச்சு. வீடியோவுல பேசறது அந்தப் பொண்ணுதான்னு எனக்குத் தெரியும். அவரு எடுப்பாரு, இது பேசும். இது சொல்றத வெச்சுத்தான் எல்லாமே. எறங்கும்போது மாட்டு வண்டி வேகத்துல எறங்குனேன். பின்னாடி வந்த பஸ்காரன் ஆரனடிச்சே என் குடும்பத்தத் திட்டுனான்.

வூட்டுக்கு வந்து சமையக்கட்டுல எட்டிப் பாத்தப்பதான் எனக்கு ஒறச்சுது. சோறு, கடைஞ்ச பருப்பு, முருங்கக்கீர, அவரக்கொட்டக் கொழம்பு, ரசம். எல்லாம் கொதிக்க வெச்சு எறக்குனது. எண்ணெ கேனு பரண் மேல ஏறியிருந்துச்சு, வடச்சட்டி சுவத்துல கவுந்திருந்துச்சு. போன வாரமே வாங்குன அப்பளக்கட்டு ஒடைக்காம இருக்குது. அத ஏக்கத்தோட பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்குது பாப்பா.

"அக்கா, ரசத்துக்கு மட்டும்"னேன்.

"வாய மூடு."

"ஒரு கரண்டி. கதவச் சாத்திக்கலாம்."

அது என்னப் பாக்கக் கூட இல்ல. எனக்கு ஒரு யோசன வந்துச்சு. ஊரு எல்லைக்கு அந்தப் பக்கம் வண்டிய நிறுத்தி, ஸ்டவ்வு வெச்சு, தாளிச்சு, டப்பாவுல அடைச்சு எடுத்தாந்து ஊத்திட்டா ஆச்சு. ஊருக்குள்ள தாளிக்கலியே. அதச் சொன்னேன்.

அக்கா கரண்டியக் கீழ வெச்சுது. "ஆத்தா என்ன செக்போஸ்ட்டுலியாடா ஒக்காந்திருக்கா?"

மாமா வெளிய திரும்பிக்கிட்டுச் சிரிச்சாரு. அப்பறம் அவரும் சிரிப்ப நிறுத்திக்கிட்டாரு. போகப் போறது அவருதானே.

எல போட்டோம். அவரு கேமராவ ஸ்டாண்டுல வெச்சுட்டு ஒக்காந்தாரு. நான் ஒண்ணு கவனிச்சேன். வாயில சோறு போறதுக்கு முன்னாடியே கண்ண மூடி, தலைய ஆட்டி, "ஆஹா"ன்னு வெச்சுக்கிட்டாரு. அந்த ஷாட்டு முடிஞ்சப்பறந்தான் நெசமாச் சாப்பிட்டாரு. நெசமாச் சாப்பிட்டதும் கேமராவ ஆஃப் பண்ணிட்டாரு.

"அக்கா, சிப்ஸ் ஏதாச்சும் கெடைக்குமா?"ன்னு மரியாதையாத்தான் கேட்டாரு.

அக்கா ரெண்டு பச்சமொளகாயும் உப்பும் கொண்டாந்து வெச்சுது. நான் வாயத் தொறந்தேன், இன்னது இதனாலன்னு சொல்லிரலாம்னு. அக்கா பாத்த பார்வையில தொறந்த வாய் அப்பிடியே மூடிக்கிச்சு. அப்பறமா உள்ள வந்து கேட்டேன், ஏன் சொல்ல வுடலன்னு. "சொன்னா மன்னிப்புக் கேக்கற மாதிரி ஆயிரும். நாம என்ன தப்பாப் பண்ணிட்டோம்?"னுச்சு. சொல்லிட்டு, கழுவுன கரண்டியையே மறுபடி கழுவுச்சு. தெரியாத மாதிரி நான் தண்ணிக் கொடத்த எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்.

அந்தப் பொண்ணு மொதல்ல சோறே தொடல. ரசத்த மட்டும் டம்ளர்ல வாங்கிக் குடிச்சுது. மறுபடி கேட்டுச்சு. அப்பறம் கொஞ்சம் சோத்துல பருப்பும் ரசமும் ஊத்திக் கொழைச்சுத் தின்னுச்சு. தின்னுட்டு மாடிக்குப் போயிப் படுத்துக்கிச்சு. சாயங்காலம் எந்திரிச்சு வந்து சமையக்கட்டு வாசல்ல நின்னு, அடுப்பு, அலமாரி, சுவத்துல கவுந்திருந்த வடச்சட்டி எல்லாத்தையும் பாத்துது. ஃபோன்ல நாலு படம் புடிச்சுக்கிச்சு. சரி, முடிஞ்சுது, இதையும் சேத்துக் கிழிக்கப் போகுதுன்னு நெனச்சேன். காலைல ரெண்டு பேரும் கும்புட்டுட்டுக் கெளம்பிட்டாங்க. நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க. கெளம்பறப்ப யாரும் நல்லா இல்லன்னா சொல்லப் போறாங்க.

அப்பறம் வந்த நாளுங்கதான் பொல்லாதது. பண்டிக நடந்துச்சு, மஞ்சத்தண்ணி ஊத்திக்கிட்டாங்க, காப்ப அவுத்தாங்க, ஊரே கடுகு வெடிச்சுது. வீடியோ மட்டும் வரல. எங்க வூட்ல டவர் வரும் போகும், கெணத்து மோட்டார் ரூம்பு மேல ஏறுனாத்தான் நிக்கும். நாளெல்லாம் அது மேலயே ஒக்காந்திருந்தேன். வந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு நானே மனசுக்குள்ள பேசிப் பாத்துக்கிட்டேன். "போற வழி மோசம், சோத்துல ருசியே இல்ல, ஓட்டுன தம்பி ஓயாமப் பேசறான்." கடைசியா சொன்னது உண்மதான்.

நானும் ஒரே ஒரு தடவ பெங்களூரு போயிருக்கேன். பஸ்ஸுல ஏறுனதும் கண்டக்டரு சில்லற இல்லன்னு கன்னடத்துல கத்துனாரு. அன்னியிலேர்ந்து பெங்களூருன்னா எனக்கு அந்தாளு வாயிதான் ஞாபகம். அவ்வளவு பெரிய ஊர்ல வேற ஒண்ணும் தெரியாது, ஆனா மோசமான ஊருன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். அத நெனச்சா எனக்கு இன்னும் பயமாப் போச்சு. என்ன மாதிரிதானே அவங்களும்.

மாமா மேஸ்திரிகிட்ட இன்னும் ரெண்டு நாளு, இன்னும் ரெண்டு நாளுன்னு தள்ளிக்கிட்டு வந்தாரு. கடைசியா ஞாயித்துக்கெழம வர்றேன்னு சொல்லிட்டாரு. பாப்பா அதுக்குள்ள அவரு தோள்ல ஏறக் கத்துக்கிச்சு.

வீடியோ புதங்கெழம வந்துச்சு. மோட்டார் ரூம்பு மேல மூணு பேரும் ஏறிட்டோம், பாப்பா மாமா தோள்ல. மலை வந்துச்சு, மேகம் வந்துச்சு, "சொர்க்கம் மாதிரி இருக்கு ஃபிரெண்ட்ஸ்" வந்துச்சு. நல்லவேளையா பின்னாடி பாட்டப் போட்டு அந்தச் சத்தத்த அமுக்கிட்டாங்க. புளியமரம் வந்துச்சு. காலங்காலமா அந்த மரத்துக்கு அப்பிடி ஒரு சக்தி இருக்கறதா ஊர்க்காரங்க நம்பறாங்களாம். அக்கா என்னப் பாத்துது. நான் ஆகாசத்தப் பாத்தேன்.

அப்பறம் எங்க சமையக்கட்டு. அந்தப் பொண்ணு கொரலு. "இந்த மலையடிவாரத்து மக்கள் சாப்பாட்டுல எண்ணெயே சேக்கறதில்ல. எதையும் தாளிக்கறதே இல்ல. இவங்க சமையக்கட்டுல ஒரு எண்ணெ கேன்கூட நான் பாக்கல. பூர்வீகமாவே இப்படித்தான் சாப்பிடறாங்க. என்னோட வயிறு இவ்வளவு நிம்மதியா இருந்து ரொம்ப நாளாச்சு." அதோட நிறுத்தியிருக்கலாம். "இந்தத் தம்பியப் பாருங்க, எவ்வளவு ஒல்லியா, ஆரோக்கியமா இருக்காரு"ன்னு என்னக் காட்டிருச்சு. தெனமும் ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் இல்லாமத் தூங்காதவன் நானு.

அக்காவுக்குச் சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. ஊருக்காக வந்தவங்க ஊரப் பாக்கல, அவங்க வயித்தப் பாத்துட்டுப் போயிருக்காங்க. நம்ம நல்ல நேரம், அந்த வயிறு காலியா இருந்துச்சு.

சாயங்காலமே ஃபோன் வந்துச்சு. சேலத்துலேர்ந்து ஒரு குடும்பம், சனிக்கெழம வர்றோம், ரெண்டு ரூம்பும் வேணும்னாங்க. எனக்கு இருப்பே கொள்ளல. கடைசியாத்தான் சொன்னாங்க, "அந்தத் தாளிக்காத சாப்பாடுதானே போடுவீங்க? அதுக்காகத்தான் வர்றோம்." அதுக்கென்னங்கன்னு வெச்சுட்டேன்.

அக்காகிட்டச் சொன்னா அது ஒரே பேச்சுல முடிச்சுருச்சு. "அது ஆத்தாளுக்கு அடங்கி இருக்கற சோறு. விக்கறதுக்கு இல்ல."

"காப்புதான் அவுத்தாச்சே. இப்ப தாளிக்காம இருந்தா யாரு கேக்கப் போறா?"

"காப்பு கட்டாமத் தாளிக்காம இருக்கறது துக்க வூட்ல."

மாமாவப் பாத்தேன். அவராச்சும் ஒரு வார்த்த சொல்வாருன்னு. அவரு மூலையில இருந்த பேக்க எடுத்தாரு. அவருக்காகன்னு அக்கா எதையாச்சும் மாத்திக்கிட்டா, அப்பறம் அவரால இங்க தல நிமிந்து ஒக்கார முடியாதுன்னு நெனச்சாரோ என்னவோ. சட்டையெல்லாம் மடிச்சு பேக்குல வெக்க ஆரம்பிச்சாரு.

சனிக்கெழம சேலத்துக்காரங்க வந்தாங்க. ஒரு பெரியவரு, அவரு மகன், மருமக, ரெண்டு புள்ளைங்க. வர்ற வழியில அந்தப் புளியமரத்தடியில மகன் காரு நிறுத்தியிருக்காரு, அவரு தம்பிக்காக. பெரியவரு உள்ள வந்ததும் செருப்பக் கழட்டிட்டு, "எனக்கு டாக்டரு எண்ணெயக் கொறைக்கச் சொல்லிட்டாருங்க"ன்னு ஆரம்பிச்சாரு.

நான் சமையக்கட்டு வாசல்ல நின்னேன். அக்கா வடச்சட்டிய எடுத்து அடுப்புல வெச்சுது. எண்ணெ காய்ஞ்சுது. இன்னும் நேரமிருக்கு, நிறுத்திக்கன்னு மனசு சொல்லுது, வாயி வரல. மாமா கொல்லையிலேர்ந்து கருவப்பல ஒடிச்சாந்து பக்கத்துல வெச்சுட்டுப் போனாரு. அக்கா கடுகப் போட்டுச்சு. அது வெடிச்ச சத்தத்துல கூடத்துல பேச்சு நின்னு போச்சு.

எல போட்டதும் அக்காவே வந்து நின்னு சொல்லிருச்சு, இந்தத் தடவ. அம்மனுக்குக் காப்பு கட்டுன நாள்லதான் தாளிக்காம இருப்போம், மத்த நாள்ல எல்லாரு வூடு மாதிரிதான், எண்ணெ வேணும்னா கம்மியா ஊத்தறேன்னு. மன்னிப்புக் கேக்கற மாதிரி இல்ல, பஸ்ஸு எத்தன மணிக்குன்னு சொல்ற மாதிரி சொல்லுச்சு. மருமக மொகம் சுருங்கிருச்சு. "வீடியோல வேற மாதிரி சொன்னாங்களே"ன்னுச்சு. பெரியவரு ரசத்த ஊத்தச் சொன்னாரு. ஒரு தடவ ஊத்துச்சு. எலைய வழிச்சுட்டு இன்னொரு தடவ ஊத்தச் சொன்னாரு. டாக்டரப் பத்தி அதுக்கப்பறம் பேச்சே இல்ல.

ஞாயித்துக்கெழம மத்தியானம் கெளம்பும்போது நான் காருக்குப் பக்கத்துலயே நின்னேன், ஏதாச்சும் கொற சொல்லுவாங்களான்னு. பெரியவரு கண்ணாடிய எறக்குனாரு. "எல்லாம் சரி தம்பி. தலகாணி மட்டும் கல்லு மாதிரி இருக்கு"ன்னாரு. இத்தன நாளு நான் எதெதுக்கோ பயந்து செத்திருக்கேன். தலகாணியப் பத்தி ஒரு தடவ கூட நெனைக்கல.

காரு போனதும் மாமா கையில பேக்கோட வெளிய வந்தாரு. "வண்டிய எடு"ன்னாரு. அக்கா கதவுகிட்ட நின்னுச்சு, பாப்பா அது இடுப்புல. நானும் எடுத்தேன். பாப்பிரெட்டிப்பட்டி வர்ற வரைக்கும் வாயே தொறக்கல, நானு. அப்பிடி ஒரு பயணம் என் வாழ்க்கையில அதான் மொத தடவ. பஸ் ஸ்டாண்டு வந்ததும் வேகத்தக் கொறச்சேன்.

"இங்க எதுக்கு நிறுத்தற? மெத்தக் கடைக்குப் போடா."

அப்பத்தான் பேக்கப் பாத்தேன். காலியா மடிஞ்சு கெடந்துச்சு அவரு மடியில. கடையில நாலு தலகாணிய அமுக்கி அமுக்கிப் பாத்து வாங்குனாரு, பேக்குல ரெண்டுதான் புடிச்சுது, மிச்சம் ரெண்ட என் மடியில போட்டாரு. அந்நேரம் பாத்து அவரு ஃபோன் அடிச்சுது. மேஸ்திரி. மாமா ஃபோன என்கிட்ட நீட்டுனாரு, நீயே சொல்லுன்னு.

"பரல்லா"ன்னேன். வர மாட்டாருன்னு. எனக்குத் தெரிஞ்ச கன்னடமே அவ்வளவுதான். அந்தப் பக்கம் என்னமோ நெறைய பேசுனாரு, நான் வெச்சுட்டேன்.

திரும்பி வர்ற வழியெல்லாம் மாமா மாடியில இன்னொரு ரூம்பு எடுக்கலாமான்னு பேசிக்கிட்டே வந்தாரு. நானும் ஆமா ஆமான்னு சொல்லிக்கிட்டே வந்தேன். வூட்ல வண்டிய நிறுத்துன கையோட மோட்டார் ரூம்பு மேல ஏறுனேன். டவர் வந்துச்சு. அடுத்த சனிக்கெழமைக்கு யாரும் கூப்புடல. கீழ மாமா பாப்பாவுக்குத் தலகாணியக் காட்டிக்கிட்டு இருந்தாரு. நான் எறங்கல, இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்னு ஒக்காந்துட்டேன்.